போர்ச் சுமையும் தலைவர் தோளும்



போரை முடிவு செய்வோர் சிலர். அதனைச் சுமப்போர் பலர். அரண்மனையிலோ மந்திரி சபையிலோ ஒரு தாளில் ஒப்பம் இடப்படுகின்றது. அதன்பின் எங்கோ ஒரு சிற்றூரில் ஒரு தாய் தன் மகனை இழக்கின்றாள். நகரத்திலே தொழிலாளி அரிசிக்காக வரிசையில் நிற்கின்றான். ஆதலின், "போருக்கு ஆணையிடும் தலைவர் அதன் துன்பத்தில் தமக்குரிய பங்கை ஏற்கின்றாரா?" என்னும் வினா எந்நாட்டு மக்களும் கேட்பதற்கு உரியதே.

பஞ்சாலையிலே பொதியின் எடை, கணக்கு எழுதுவோனுக்கு ஓர் எண். சுமப்பவனுக்கோ அது முதுகு அறிந்த உண்மை. எண்ணாக மட்டும் அறிந்தவன், "இன்னும் ஒன்று ஏற்று" என்று சொல்லத் தயங்கமாட்டான். போரிலும் இதுவே நிகழ்கின்றது. எனவே தலைவர்கள் போர்ச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் வகையை மூன்றாகப் பிரித்து ஆராய்வோம்.

1. வயிற்றால் பகிர்தல்

1965ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. அவ்வாண்டு மழையும் பொய்த்தது. அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்திருந்த காலம் அது. அப்பொழுது பிரதம மந்திரியாய் இருந்த லால் பகதூர் சாஸ்திரி அவர்கள், வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுவிடுமாறு மக்களை வேண்டினார். முதலில் தம் வீட்டிலேயே ஒரு வேளை அடுப்பை மூட்டாதிருக்கச் செய்து, பிள்ளைகள் பசி தாங்குவர் என்று கண்ட பின்னரே நாட்டினரைக் கேட்டார் என அவர் குடும்பத்தார் கூறியுள்ளனர். திங்கட்கிழமை மாலைகளில் பல உணவு விடுதிகள் தாமாகவே மூடப்பட்டன. தாம் செய்யாததைப் பிறரைச் செய்யச் சொல்லாதவர் சொல்லுக்கு வலிமை உண்டு என்பதற்கு இது சான்று. 1966 ஜனவரி 10ஆம் நாள் தாஷ்கண்டு நகரிலே சமாதான உடன்படிக்கையில் கையொப்பமிட்ட அவர், மறுநாள் அதிகாலையிலேயே காலமானார்.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலும் இதனையொத்த நிகழ்ச்சிகள் உண்டு. 1940 ஜனவரி முதல் அங்கு உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அரச குடும்பத்தாருக்கும் பங்கீட்டு அட்டை உண்டு. அரண்மனைக் குளியல் தொட்டியிலும் ஐந்து அங்குல அளவுக்குமேல் வெந்நீர் நிரப்பலாகாது என்று கோடு இடப்பட்டது. 1940 செப்டம்பர் 13ஆம் நாள் அரண்மனையின்மீதே குண்டுகள் விழுந்தன. அரசரும் அரசியும் நாட்டை விட்டு நீங்கவில்லை. துறைமுகப் பகுதியின் ஏழைகளை இனி நேருக்கு நேர் நோக்கலாம் என்ற கருத்தில் அரசியார் கூறியது அந்நாட்டில் நெடுநாள் பேசப்பட்டது.

இதனைப் போற்றுவோம். ஆயினும் ஏட்டை இங்கேயே மூடிவிடலாகாது. அதே பேரரசின் ஆட்சியில் இருந்த வங்காளத்திலே 1943ஆம் ஆண்டில் என்ன நடந்தது? பர்மா ஜப்பானியர் கைப்பட்டமையால் அங்கிருந்து வரும் அரிசி நின்றது. பகைவருக்குப் பயன்படும் என்று அஞ்சி நாட்டுப்புறப் படகுகளை அரசாங்கம் அப்புறப்படுத்தியது. போர்ச் செலவினால் விலை ஏறியது. கப்பல்களில் தானியம் அனுப்புமாறு இந்தியாவிலிருந்து சென்ற வேண்டுகோள்களை இலண்டன் போர் மந்திரி சபை மறுத்தது. அல்லது குறைத்தே நிறைவேற்றியது. பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோய்களிலும் மாண்டவர் தொகை சுமார் 30 இலட்சம் என மதிப்பிடப்படுகின்றது. அவருள் மிகப் பலர் நிலமற்ற கூலிகள், மீனவர், கைத்தொழிலாளர் ஆவர். 1939 செப்டம்பர் 3ஆம் நாள், இந்திய மக்களின் பிரதிநிதிகளைக் கலந்துகொள்ளாமலே, இந்தியாவும் போரில் இறங்கியதாக வைசிராய் அறிவித்தவர் என்பதை நினைவிற் கொள்க. முடிவில் பங்கு இல்லாதவர்க்குச் சுமையில் பெரும்பங்கு கிட்டியது.

ஆதலின் முதற் பாடம் யாதெனின், சமமாகப் பகிர்தல் என்பது 'நம்மவர்' என்று நாம் எண்ணும் எல்லையோடு நின்றுவிடக்கூடும். எல்லைக்கு அப்பாற்பட்டவன் பட்டினி கிடந்தாலும் அது கணக்கில் வருவதில்லை.

2. புதல்வரால் பகிர்தல்

உணவைக் காட்டிலும் அரியது பிள்ளை. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிரதம மந்திரி அஸ்குவித். கட்டாயப் படைச் சேவைச் சட்டத்தை 1916இல் கொணர்ந்தது அவருடைய அரசாங்கமே. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் பிரான்சிலே சோம் ஆற்றுப் போர் தொடங்கியது. முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் மடிந்தனர். செப்டம்பர் 15ஆம் நாள் அதே போர்க்களத்தில் அஸ்குவித்தின் மூத்த மகன் ரேமண்டும் மாண்டார். பிற்காலத்தில் பிரதம மந்திரியான போனார் லா, 1917இல் போர் மந்திரி சபையில் அமர்ந்திருந்தார். அவ்வோராண்டிலேயே அவர் தம் புதல்வர் இருவரைப் போருக்குப் பறிகொடுத்தார்.

இவர்கள் தம் பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்தில் மறைத்து வைத்தவர் அல்லர். அந்நேர்மைக்குத் தலை வணங்குவோம். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இத்துணைத் துயரத்துக்குப் பின்னும் போர் நின்றதா? நிற்கவில்லை, 1918 நவம்பர் 11ஆம் நாள் வரை நீண்டது. மகனை இழந்த தந்தை, "இனி எவர் மகனும் சாகலாகாது" என்றும் எண்ணலாம். "என் மகன் செத்தது வீணாகலாகாது, போர் தொடர்க" என்றும் எண்ணலாம். துயரம் ஒன்றுதான்; அது திறக்கும் வாயில்கள் இரண்டு.

ருஷியாவின் ஸ்டாலின் கதை இன்னும் கடுமையானது. 1941 ஆகஸ்டில் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். பகைவரிடம் சரணடையும் படை அதிகாரிகளின் குடும்பத்தாரைக் கைது செய்யலாம் என்பது அதில் ஒரு விதி. அவருடைய சொந்த மகன் யாக்கோவ் அதற்கு முன்பே, ஜூலை மாதத்தில், ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்தார். யாக்கோவின் மனைவியும் கைது செய்யப்பட்டு, 1943ஆம் ஆண்டில்தான் விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் யாக்கோவ் சிறை முகாமிலேயே இறந்தார். தம் வீட்டுக்கு ஒரு நீதி, ஊருக்கு ஒரு நீதி என்று ஸ்டாலின் செய்யவில்லை. அதனால் அவ்வாணை நீதியாகிவிடுமா? குற்றமற்ற பெண்டிரைச் சிறையிட்டது கொடுமையே. தன் வீட்டிலும் அதனைச் செய்தமையால் கொடுமை சமமாயிற்று, அறமாகவில்லை.

எனவே இரண்டாம் பாடம்: தலைவர் தாமும் துன்புற்றார் என்பது அவர் செய்த முடிவு சரியானது என்பதற்குச் சான்று ஆகாது.

3. உள்ளத்தால் பகிர்தல்

இனி, நாம் நன்கறிந்த அசோகச் சக்கரவர்த்தியிடம் வருவோம். பட்டம் சூடி எட்டாண்டு கழிந்தபின் அவர் கலிங்கத்தை வென்றார். அவருடைய பதின்மூன்றாம் பாறைச் சாசனம் அதன் கணக்கைத் தருகின்றது. நாடு கடத்தப்பட்டோர் 1,50,000, கொல்லப்பட்டோர் 1,00,000, வேறு வகையில் மாண்டோர் அதனினும் பன்மடங்கினர்.

இங்குக் கவனிக்க வேண்டியவை இரண்டு. இக்கணக்கு தம் படையின் இழப்பைக் கூறவில்லை; பகைவர் நாட்டு மக்களின் இழப்பைக் கூறுகின்றது. மேலும், பெற்றோரைப் பேணி, ஏவலாளரிடம் அன்பாய் வாழ்ந்த குடும்பத்தார் பட்ட அல்லலையும், தாம் தப்பினும் நண்பரையும் உறவினரையும் இழந்தோர் படும் வேதனையையும் அச்சாசனம் எடுத்துரைக்கின்றது. அத்தொகையில் நூற்றில் ஒரு பங்கினர், ஆயிரத்தில் ஒரு பங்கினர் துன்புற்றாலும் இனித் தமக்குப் பெருந்துயரம் என்று மன்னர் அறிவிக்கின்றார். ஆயுத வெற்றியினும் தர்ம வெற்றியே சிறந்தது என்று கூறி, அது சோழ பாண்டிய நாடுகள் வரை எட்டியதாகவும் பொறித்துள்ளார்.

மிகைப்படுத்திப் புகழ்தலும் தவறு. கலிங்கத்தை அவர் திருப்பித் தரவில்லை. இச்சாசனம் கலிங்கத்துப் பாறைகளாகிய தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கப்படவுமில்லை. ஆயினும் வெற்றி பெற்ற ஒரு மன்னர், தோற்றவர் வீட்டு அழுகையைத் தம் பெயராலேயே கல்லில் எழுதி வைத்தது உலக வரலாற்றில் மிக அரியது.

முடிவு

பசியைப் பகிர்தல் நன்று. பிள்ளையை மறைக்காதிருத்தல் அதனினும் நன்று. ஆனால் இவ்விரண்டும் போர் தொடங்கிய பின்னர் நிகழ்வன. மூன்றாவதாகிய உள்ளப் பகிர்வு ஒன்றே போருக்கு முன்னும் நிகழக்கூடியது. தாளில் ஒப்பமிடுமுன் தன் மகனையும், குடியானவன் மகனையும், பகைவன் மகனையும் ஒரே தட்டில் வைத்து எண்ணும் தலைவனே சுமையை அறிந்தவன். அசோகருக்கு அவ்வறிவு போருக்குப் பின்னரே வந்தது. அவர் அதனைக் கல்லில் எழுதியது, நமக்கு முன்னரே வருதற்பொருட்டு.

நம்மிடம் படை இல்லை. வாக்குச் சீட்டு உண்டு. போர் முரசு கேட்கும்பொழுது, "உங்கள் மகன் போவானா?" என்று மட்டும் தலைவரைக் கேட்டு அமையாது, "அவர்கள் மகன் சாவதையும் எண்ணினீரா?" என்றும் கேட்போமாக.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. தலைவர் தாமும் துன்பத்தை ஏற்றால், அவரிடம் கேள்வி கேட்கும் உரிமை நமக்குக் குறைந்துவிடுமா?

2. சமமான துன்பத்துக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. வங்காளப் பஞ்சத்தில் மாண்டவரை யார் 'நம்மவர்' என்று எண்ணத் தவறினர்? நாம் இன்று எவரை அவ்வாறு எண்ணத் தவறுகின்றோம்?