பெண் துணையுள்ள பெண்களுக்கு: உடல்நலக் குறிப்புகள்

● ‘ஆணோடு உறவே இல்லையே, பரிசோதனை எதற்கு?’ என்று இருந்துவிடாதீர்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ், பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் தொற்றும். 30 வயதைத் தாண்டியவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

● செக்ஸ் டாய்களைப் பகிர்ந்தால், ஆள் மாறும்போது புது ஆணுறை மாட்டுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

● உதட்டில் கொப்புளம் இருக்கும்போது வாய்வழி உறவு வேண்டாம், ஹெர்பிஸ் பரவும்.

● வெள்ளைப்படுதலில் மீன் வாடை அடித்தால் டாக்டரைப் பாருங்கள். பெண்ணுறுப்பின் உட்பகுதியைச் சோப்பால் கழுவாதீர்கள்.

● டாக்டரிடம் ‘என் துணை ஒரு பெண்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். ‘உங்களை மாற்றிக் காட்டுகிறேன்’ என்பவரிடம் சிகிச்சைக்குப் போகாதீர்கள். அது மருத்துவத் தொழில் விதிகளுக்கே முரணானது.