மூடுவதற்கு முன் ஒருவர் பார்க்கட்டும்

ஸ்காபுரோ,
மார்ச் மாதக் கடைசி.

அன்புள்ள மருமகனுக்கு,

இந்தப் பருவம் முதல் ஒரு குழு உம்முடைய பொறுப்பில் என்று அக்கா போனில் சொன்னா. மிகச் சந்தோஷம். வேலை எந்தத் தரத்தில் இருக்கவேண்டும், ஆட்கள் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று கம்பனி அச்சடித்த தாள் ஒன்றும் தந்திருப்பார்கள். நேரத்துக்கு வருவது, வளவைக் கூட்டித் துப்புரவாக விட்டுப் போவது, வீட்டுக்காரரோடு மரியாதையாகப் பேசுவது எல்லாம் அதில் இருக்கும். நல்ல விஷயங்கள்தான், கடைப்பிடியும். அந்தத் தாள் ஒரு வரியில் கடந்துபோகிற ஒன்றைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன்.

டெக் முடிந்த நாளில் வீட்டுக்காரர் பார்ப்பது மேல் பலகையையும் கைப்பிடியையும். அந்த டெக்கைத் தாங்குகிற எதையும் அவர் பார்க்கமாட்டார். அத்திவாரம் மண்ணுக்குள் போயிருக்கும். வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிணைக்கிற லெட்ஜர் பலகையின் பின்பக்கத்தை இனி யாரும் காணப்போவதில்லை. ஜொயிஸ்ற் என்ற குறுக்குமரங்களைத் தாங்குகிற ஹாங்கர் தகடுகளில் எத்தனை துளைக்கு ஆணி அடித்தது என்பது பலகைக்குக் கீழே இருட்டில் கிடக்கும். இவற்றை ஒருவன் செய்கிறான், இன்னொருவன் வந்து மூடுகிறான். செய்தவன் எதைச் செய்யவில்லை என்று மூடுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல அவனுக்கு உம்மிடம் பயம் இருக்கக்கூடாது. தாளில் வேலைத்தரம் ஒரு தலைப்பு, குழு ஒற்றுமை இன்னொரு தலைப்பு. பின்வளவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே விஷயம்.

குழியைப் பாரும். தென் ஒன்ராறியோவில் குளிர்காலத்தில் நிலம் உறைகிற ஆழத்தைக் கணக்கிட்டு, அத்திவாரம் 1.2 மீற்றர், அதாவது நான்கு அடி, கீழே போகவேண்டும். அதற்கு மேலே நின்றுவிட்டால், மண்ணில் இருக்கிற தண்ணீர் உறைந்து பருத்துத் தூணைக் கொங்கிறீற்றோடு சேர்த்து மேலே தள்ளும். இளகும்போது அது பழைய இடத்துக்குச் சரியாக வந்து இருக்காது. இரண்டு மூன்று குளிர்காலம் போனால் டெக்கின் ஒரு மூலை மட்டம் தவறி நிற்கும். இது உமக்குத் தெரியும். ஆனால் தோண்டுகிறவன் புதியவன், நேரம் மாலை நான்கு மணி, மூன்றரை அடியில் கல்லோ மரவேரோ தட்டுப்படுகிறது என்று வையும். அவன் நிறுத்திவிட்டு “சரி” என்பான். ஏமாற்றும் எண்ணம் அவனுக்கு இருக்காது. அரை அடிதானே, நாளைக்கு ஊற்றவேண்டுமே என்றுதான் நினைப்பான். கொங்கிறீற் ஊற்றுமுன் நகராட்சிப் பரிசோதகர் வந்து குழியைப் பார்ப்பார். அவர் போனபின் இரவு மழையில் உள்ளே சரிந்த மண்ணை அவர் பார்க்கமாட்டார். ஆகவே ஊற்றுகிற அன்று காலை, தோண்டியவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அளவுநாடாவை நீரே குழிக்குள் விடும். தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவித்து, நிலத்துக்குக் கீழே ஓடுகிற எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் குறித்துத் தரும்வரை மண்வெட்டி படக்கூடாது என்பதை உமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. குறித்துத் தந்த கோடு எந்த நிறத்துக்கு எதைக் காட்டுகிறது என்று புதியவனுக்குச் சொல்லிக்கொடுத்தீரா என்று மட்டும் யோசித்துப் பாரும்.

லெட்ஜர் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டும். இங்கேயும் அமெரிக்காவிலும் டெக் இடிந்து விழுந்த சம்பவங்களைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் காட்டுகிற இடம் இது: ஆணியால் மட்டும் அடித்த லெட்ஜர். கீழ்நோக்கிய பாரத்தை ஆணி ஓரளவு தாங்கும். டெக் வீட்டைவிட்டு வெளிப்பக்கம் இழுக்கும்போது அது மரத்திலிருந்து உருவிக்கொண்டு வரும். பத்து வருடம் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றுவிட்டு, ஒரு விருந்துக்கு இருபது பேர் ஏறி நிற்கிற நாளில் ஒரேயடியாகக் கழரும். அதனால்தான் அரை அங்குல போல்ற், அல்லது இந்த வேலைக்கென்றே சோதித்து ஏற்றுக்கொண்ட கட்டுமான ஸ்குறூ, வரைபடம் சொல்கிற இடைவெளியில், மேலும் கீழுமாக மாறி மாறி வரவேண்டும். ஒன்றைக்கூட “பிறகு போடுவோம்” என்று விடாதேயும். பிறகு என்ற நேரம் அந்த இடத்துக்கு வராது.

அடுத்தது தண்ணீர். 2015 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் பேர்க்லி நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பல்கனி ஒடிந்து ஆறு இளம்பிள்ளைகள் இறந்தார்கள், ஏழு பேர் காயப்பட்டார்கள். பெரும்பாலானோர் கோடை விடுமுறையில் அயர்லாந்திலிருந்து வேலைக்கு வந்த மாணவர்கள். ஒருவரின் பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் திறந்து எட்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தாங்குமரங்கள் உக்கிப்போயிருந்தன. மேலே நின்று பார்த்தவர்களுக்கு அது நல்ல பல்கனி. அதற்கு முன், 2003 ஜூன் 29 அன்று சிக்காகோவில் மூன்று மாடி மரவிறாந்தை விருந்து நேரத்தில் சரிந்து 13 பேர் இறந்தார்கள். அனுமதியில்லாமல் கட்டியது, விதி விட்ட அளவைவிடப் பெரியது, தாங்குமரங்கள் போதாது என்று நகரசபை பிறகு வழக்குப் போட்டது. அந்த இரண்டு இடத்திலும் மரம் அறுத்தவர்களும் தகடு வெட்டியவர்களும் எங்களைப் போன்ற ஆட்கள்தான். இந்தச் சம்பவங்களை உம்முடைய குழுவுக்குச் சொல்லும். தண்ணீர் புகாமல் லெட்ஜருக்கு மேலே வைக்கிற ஃபிளாஷிங் தகட்டை ஒருவன் அரை அங்குலம் குறைய வெட்டிவிட்டால், அதை எறிந்துவிட்டு வேறொன்று வெட்டலாம், அந்தத் தகட்டின் காசுக்காக ஒருவரும் அவனைக் கேட்கப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும். பிழையாய் வெட்டிய தகட்டைப் பசை போட்டு ஒட்டி மூடுகிறவன் பெரும்பாலும் திட்டுக்குப் பயந்தவன்.

எனக்கு இந்தத் தொழிலைக் காட்டித்தந்தவர் ஒரு போர்த்துக்கேய ஃபோர்மன். அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. ஹாங்கருக்கு ஆணி அடித்தவன் பக்கத்து மரத்தில் நீல மெழுகுக்கட்டியால் ஒரு கோடு போடுவான். வேறொருவன் வந்து துளைகளை எண்ணிப்பார்த்துச் சிவப்பால் ஒரு கோடு போடுவான். இரண்டு நிறமும் இல்லாத ஜொயிஸ்றுக்கு மேல் பலகை ஏறாது. ஃபோர்மன் அடித்த ஹாங்கர்களை எண்ணுகிறவன் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவன். அப்போது அது நான். ஒருநாள் அவருடைய ஹாங்கரில் ஒரு துளை வெறுமையாக இருந்தது. சொல்வதா விடுவதா என்று நான் நின்ற நிற்பிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொல்லி, அந்தத் துளையைக் காட்டி, என் தோளில் தட்டிவிட்டுத் தானே ஆணியை அடித்தார். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் யாருக்கும் சொல்லத் தயங்கியதை நான் காணவில்லை. அந்த இரண்டு நிற ஒழுங்கை நீர் நாளைக்கே தொடங்கலாம்.

தயக்கம் இப்படியான சின்ன இடங்களில்தான் வருகிறது. ஹாங்கர் ஆணி முடிந்துவிடும், வாகனம் தெருவில் நிற்கும், பையில் டெக் ஸ்குறூ இருக்கும். ஏணியால் இறங்கிப் போய்க் கேட்டால் “இவ்வளவு நேரம் என்ன செய்தாய்” என்று ஏச்சு வாங்குவோம் என்று பயந்தவன் அந்த ஸ்குறூவை ஹாங்கரில் போட்டுவிடுவான். பாரம் வரும்போது டெக் ஸ்குறூ முறியும். அல்லது பூச்சில்லாத ஆணியைப் போடுவான். ஆர்செனிக் கலந்த பழைய பதனிட்ட மரம் 2003ஆம் ஆண்டுக் கடைசியோடு வீட்டு வேலைகளிலிருந்து விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த மரங்களில் செம்பு அதிகம், அது சாதாரண இரும்பை அரித்துவிடும். ஹொட்-டிப் கல்வனைஸ் செய்த ஆணியும் ஹாங்கரும் கேட்பது அதற்காகத்தான். இதை ஒருதரம் விளக்கிச் சொன்னால் புத்தியுள்ள பிள்ளை மறக்கமாட்டான். அதோடு காலையில் ஒவ்வொருவர் பையிலும் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது உம்முடைய வேலை.

எங்கள் பிள்ளைகளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. மூத்தவர் ஒன்று சொன்னால், விளங்காவிட்டாலும் “ஓம் அண்ணை” என்பார்கள். வீட்டில் அது மரியாதை, ஏணியில் அது ஆபத்து. “விளங்கினதா” என்று கேட்காதேயும், “என்ன செய்யப்போகிறாய், சொல்லு பாப்பம்” என்று கேளும். பின்னேரம் “முடிந்ததா” என்று கேட்டால் “முடிந்தது” என்ற பதில்தான் வரும். “இன்னும் என்ன மிச்சம்” என்று கேட்டால் உண்மை வரும். உம்முடைய குழுவில் இரண்டு பேர் தமிழர், மற்ற இருவருக்குத் தமிழ் தெரியாது என்று அறிந்தேன். அவர்களுக்கு விளங்காத மொழியில் அளவு சொல்லவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். “நில்”, “கையை எடு” என்பதை எல்லோரும் ஒரே மொழியில் சொல்லப் பழகுங்கள்.

உயரத்தில் நிற்கிற வேலை பற்றி. 2009 டிசம்பர் 24, ரொறன்ரோ கிப்ளிங் அவெனியூவில் ஒரு அடுக்குமாடியின் பல்கனிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது தொங்கு மேடை இரண்டாக உடைந்து நான்கு பேர் விழுந்து இறந்தார்கள், ஒருவர் படுகாயமடைந்தார். மேடையில் இருந்தவர்களுக்குப் பாதுகாப்புக் கயிறு போதாது என்று வேலைக்குப் பொறுப்பானவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வேலையை நிறுத்தவில்லை. 2016இல் நீதிமன்றம் அவருக்கு மூன்றரை வருடச் சிறை விதித்தது. கனடாவின் குற்றவியல் சட்டம் 217.1 பிரிவில், மற்றவர்களின் வேலையை நடத்துகிற எவருக்கும் அவர்கள் உடம்புக்குத் தீங்கு வராமல் பார்க்கிற சட்டக் கடமை உண்டு. நாலு பேர் குழுவின் ஃபோர்மனுக்கும் அது பொருந்தும். அந்த விபத்துக்குப் பிறகுதான் ஒன்ராறியோவில் உயர வேலைப் பயிற்சி 2015 முதல் கட்டாயமானது. அந்தப் பயிற்சிக்குத் தருகிற அட்டை மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். ஒவ்வொருவருடைய அட்டையையும் கையில் வாங்கித் திகதியைப் பாரும். ஒருவன் “இதில் ஏறப் பயமாக இருக்கிறது” என்றால் அவனைக் கேலி செய்ய யாரையும் விடாதேயும். பாதுகாப்பில்லாத வேலையை மறுக்க அவனுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிகிற வேலை பற்றி அதிகம் எழுதமாட்டேன், அதில் உமக்கு நல்ல கை. ஜொயிஸ்றின் வளைவு மேல்நோக்கி, அறுத்த நுனி ஒவ்வொன்றுக்கும் பதனி மருந்து, ஈர மரமானால் பலகைகளை நெருக்கி வைப்பது, இவை போதும். ஸ்குறூ பற்றி ஒன்று. மில்ற்றனில் தொழிற்சாலை வைத்திருந்த றொபேர்ட்சன் 1909இல் காப்புரிமை பெற்ற அந்தச் சதுரத்துளை, பிடி வழுக்காது. வழுக்காததால் புதியவன் அழுத்திக்கொண்டே போய்த் தலையைப் பலகைக்குள் புதைத்துவிடுவான், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். கைப்பிடியில் மட்டும் எந்தத் தளர்வும் வேண்டாம். நிலத்திலிருந்து 600 மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்தால் தடுப்பு வேண்டும். 1.8 மீற்றர் உயரம்வரை தடுப்பு 900 மில்லிமீற்றர், அதற்கு மேல் 1,070. கம்பிகளுக்கு இடையில் 100 மில்லிமீற்றர் உருண்டை போகக்கூடாது. அது ஒரு குழந்தையின் தலையைக் கணக்கில் வைத்த அளவு. கைப்பிடித் தூணைப் பாதி செதுக்கிப் பொருத்துவதை நான் விரும்புவதில்லை, செதுக்கிய மூலையிலிருந்துதான் வெடிக்கும். முழுத் தூணை உள்ளே வைத்து, போல்ற் போட்டு, பின்னால் குறுக்குக்கட்டை கொடும். பிறகு உம்முடைய முழுப் பாரத்தோடு அதில் சாய்ந்து பாரும்.

டெக் கணக்குக்குக் கூலி கொடுக்கிற கம்பனிகளை எனக்குப் பிடிக்காது. நேரம் காசானால் மூடுகிற கை வேகமாகும். உம்முடைய கம்பனி மணிக்கணக்குக்குக் கொடுக்கிறது என்பதால்தான் நீர் அங்கே போவதை நான் ஆதரித்தேன். ஆனாலும் அலுவலகம் உம்மை அவசரப்படுத்தும். லெட்ஜர் போடுகிற நாளில் வேறு வேலை ஏற்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடும். ஒரு வேலையைக் கழற்றித் திரும்பச் செய்ய வந்தால், யார் செய்தது என்று வீட்டுக்காரர் முன்னால் பேசாதேயும். அதைச் செய்தவனோடு நீரும் நின்று கழற்றும். அவனைத் தனியே விட்டால் அடுத்த தடவை அவன் மறைப்பான்.

நீர் கேட்ட பிக்கரிங் வீட்டு விஷயம். நீர் அனுப்பிய படத்தில் இருப்பது முகப்புச் செங்கல், உள்ளே மரச்சட்டம். அந்தச் செங்கல் வீட்டையே தாங்கவில்லை, டெக்கை எப்படித் தாங்கும்? லெட்ஜரை அதில் பூட்டக்கூடாது. வீட்டுப் பக்கமாக இன்னொரு வரிசைத் தூணும் பீமும் வைத்துத் தனியே நிற்கிற டெக்காக வரைபடத்தை மாற்றி, பெர்மிற்றையும் திருத்தவேண்டும். வீட்டுக்காரருக்குச் செலவு கூடும், அவர் சினப்பார். அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் போகட்டும் என்று விடாமல், செவ்வாய்க்கிழமை நீரே போய் முகம் பார்த்துச் சொல்லும். போகும்போது குழுவில் இளையவனையும் கூட்டிக்கொண்டு போம்.

அன்புடன்,
மாமா