ஓடாத வண்டியின் தேய்மானம்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. மேற்படிப்புக்கென்று பர்மிங்ஹாம் போன நீ, பாடங்களைப் பற்றி இரண்டு வரியும், சாலிஹல் பக்கத்து மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தைப் பற்றி நான்கு பக்கமும் எழுதியிருப்பதில் எனக்கு மனஸ்தாபம் இல்லை; பி.எஸ்.ஏ.யும் வெலோசெட்டும் நார்ட்டனும் பிறந்த ஊருக்குப் போய் அவற்றை ஏறெடுத்தும் பாராதவனாக நீ இருந்திருந்தால்தான் வருந்தியிருப்பேன். ஆனால் கடைசிப் பக்கத்தில், ஒரு பெரியவர் தம் ஷெட்டில் வைத்திருக்கும் பழைய டிரையம்ஃப் வண்டியை வாங்க எண்ணுவதாகச் சொல்லி, "பத்து வருஷமாக ஓட்டவே இல்லையாம், ஆகையால் என்ஜின் தேயாமல் இருக்கும், நானும் அதைத் தெருவில் இறக்காமல் துடைத்துப் பாதுகாப்பேன்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. படித்தவர்களிடமும் இந்தப் பிரமை பரவியிருக்கிறது.

டிரையம்ஃபின் எட்வர்ட் டர்னர் வகுத்து 1937இல் வெளிவந்த ஸ்பீட் ட்வின் என்ற வண்டியையே எடுத்துக்கொள். பின்னால் இங்கிலாந்தில் உண்டான இரட்டை சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலானவை அதன் சந்ததிகள்தான். இவற்றில் ஆயில் என்ஜினின் அடியில் தங்குவதில்லை. தனியே ஒரு தொட்டியில் இருக்கும். அங்கிருந்து ஒரு பம்ப் அதை என்ஜினுக்கு அனுப்ப, வேலை முடிந்து கீழே வடிந்ததை அதே பம்பின் மறுபாதி மீண்டும் தொட்டிக்கு ஏற்றிவிடும். தொட்டி உயரத்தில், என்ஜின் தாழ்வில். வண்டி நிற்கையில் நடுவே காவல் காப்பது ஒரு சிறு இரும்புக் குண்டு மாத்திரமே. அக்குண்டு தன் இடத்தில் சரிவரப் பொருந்தாவிட்டாலும், அதன்மேல் ஒரு தூசி ஒட்டிக்கொண்டாலும், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் ஆயில் துளித்துளியாகக் கசிந்து என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் போய்த் தேங்கிவிடும்.

இனித்தான் விஷயமே இருக்கிறது, கவனமாகக் கேள். டர்னரின் என்ஜினில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகின்றன. ஆகவே ஒவ்வோர் இறக்கத்திலும் ஏறத்தாழ 500 சி.சி. காற்று கிராங்க் கேஸிலிருந்து விலகியாக வேண்டும். நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால், வினாடிக்கு 50 முறை இந்தத் தள்ளுமுள்ளு நடக்கிறது. அந்தக் காற்று வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. ஆனால் அடியில் ஆயில் குளமாக நிற்கும்போது, காற்றோடு ஆயிலும் சேர்ந்து அக்குழாய் வழியாகப் பீறிட்டு, அதுவும் போதாமல், நெடுக்காக இரண்டு பாதிகளாய்ப் பிளந்து திருகப்பட்டிருக்கும் கிராங்க் கேஸின் இணைப்பில் எங்கே பிடிப்புத் தளர்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் வழி தேடிக்கொள்கிறது. கண்டவர்கள் உடனே, பிரிட்டிஷ் வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்! நெடுக்கு இணைப்பு ஒரு குறைதான். 1969இல் ஹோண்டா தன் 750 சி.சி. வண்டியில் கிடைமட்ட இணைப்பை வைத்து அந்த வித்தியாசத்தை உலகுக்குக் காட்டியது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், தரையில் காணும் ஆயில் குட்டையில் பாதிக்கு மேல் வண்டியை நிறுத்திவைத்தவர் செய்த பாவம் என்பதே என் அபிப்பிராயம். இதை யார் ஆட்சேபித்தாலும் நான் விடுவதாக இல்லை.

இதற்குப் பரிகாரமென்று ஆயில் குழாயின் நடுவே ஓர் அடைப்புத் திருகு பொருத்திக்கொள்ளும் புத்திசாலிகள் உண்டு. அதைத் திறக்க மறந்து கிளப்பியவனுடைய என்ஜின் சில நிமிஷங்களில் நாசமாவது நிச்சயம். நீ அந்தக் காரியம் செய்யாதே.

ஓடாமல் நிற்பதன் மற்றத் தோஷங்களை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை: கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பெட்ரோல் டாங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கும்; மாக்னெட்டோ உள்ள வண்டியானால் அதன் சுருள் ஈரத்தை உறிஞ்சித் தீப்பொறி தர மறுக்கும். 2021 முதல் அந்நாட்டில் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது.

ஓட்டத்தின் அருமைக்கு ஒரு சாட்சி சொல்கிறேன்: லாரன்ஸ் என்ற பெயரை நீ பாலைவன யுத்தக் கதைகளில் கேட்டிருப்பாய். விமானப் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய 'தி மின்ட்' என்ற நூல், அவர் காலமான பிறகு 1955இல்தான் பொது வெளியீடாக வந்தது. அதில் தம் பிரஃப் சுப்பீரியர் வண்டியில் ஏறி ஒரு விமானத்தோடு பந்தயம் ஓடியதை வர்ணிக்கும் அத்தியாயத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன்; அது ஓட்டத்தை அறிந்தவன் எழுதிய எழுத்து. வண்டியைத் துடைத்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவன் கையில் அப்படி ஒரு பக்கம் வராது. 1935 மே மாதம் அத்தகைய வண்டியொன்றிலிருந்து விழுந்தே அவர் இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை வைத்தியர் பிற்பாடு மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் அவசியத்தை நிலைநாட்டினார். நல்ல ஹெல்மெட் வாங்கிக்கொள். வண்டியின் குரோமியத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கு அதற்குத்தான்.

பழையது மென்மையானது, ஆகவே ஓட்டலாகாது என்கிறாயா? 1930இல் தொடங்கிய பயோனியர் ரன் என்ற ஓட்டத்தில், 1915க்கு முன் செய்த வண்டிகளை எப்சமிலிருந்து தெற்குக் கடற்கரைக்கு இன்றும் ஓட்டிச் செல்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்! ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. நம் திருவொற்றியூரிலோ அதன் புல்லட் வண்டி நிற்காமல் உருவாகி, போலீஸ்காரரும் பட்டாளத்தாரும் பண்ணையாரும் அன்றாடம் ஓட்ட, 1977 முதல் தான் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. அதைக் காப்பாற்றியவர்கள் ஓட்டினவர்களும், ஓட ஓடப் பழுது பார்த்த ஊர் மெக்கானிக்குகளும்.

விலை ஏறும் என்று வாங்கி உறைபோட்டு மூடி வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அவர்கள் பணத்தைப் பாங்கில் போடலாம், இவ்வண்டிகள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மிஞ்சும். அருங்காட்சியகத்தின் கதை வேறு. அங்கே பார்ப்பதற்கென்றே வைத்திருக்கிறார்கள். உன் வாடகை அறை அருங்காட்சியகம் அல்லவே.

ஆகையால், அந்தப் பெரியவரிடம் முதலில் விலை கேட்காதே. கடைசியாக எப்போது ஓட்டினார், கிராங்க் கேஸை வடித்துப் பார்த்தாரா, கிராங்குக்குள் கசடு தங்கும் குழாயை யாராவது சுத்தம் செய்ததுண்டா என்று கேள். ஆயிலை மாற்றி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலைந்து தடவை மிதித்துப் பிளேட்டுகளை விடுவித்து, அதன் பிறகே கிளப்பச் சொல். அக்காலத்து வண்டியானால் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். ஆளில்லாத சாலையில் நன்றாகப் பழகிக்கொண்டு, வாரம் ஒரு நாளாவது என்ஜின் நன்றாகச் சூடேறும் தூரம் ஓட்டு. இதற்குச் சம்மதமானால் வாங்கு. இல்லையேல் அவருக்கு வந்தனம் சொல்லிவிட்டு, ஓட்டுகிறவன் எவனுக்காவது அதை விட்டுக்கொடு.

அன்புடன்,
உன் ஆசிரியன்