பெயர் சூட்ட அவசரப்படாதீர்கள்

மாட்டுப்பட்டி, குண்டளை பக்கத்து எஸ்டேட் லயங்களில் வளர்ந்து, வேதியியல் படித்து, ஆராய்ச்சிக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கதிர் பட்ட பாலிமருக்குள் நானோ செகண்டுகள் மட்டுமே வாழும் கிளர்வுற்ற நிலைகளை, அவை விழுங்கும் ஒளியை வைத்து அடையாளம் காணும் வேலை உங்களுடையது.

1. எதற்காக இதைச் செய்கிறோம் என்பது மனதில் இருக்கட்டும். நம்மூர் 1,700 மீட்டர் உயரம். புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமை. நர்சரிக் கூரையின் பாலித்தீன் ஷீட் வெயிலில் நொறுங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். ஊசி மருந்துச் சிரிஞ்சுகளைக் காமா கதிரால் கிருமி நீக்க வழக்கமான டோஸ் 25 கிலோகிரே. அதில் பாலிப்ரொப்பிலீன் நலிகிறது, பாலிஸ்டைரீன் தாங்குகிறது. பாலிஸ்டைரீனின் பென்சீன் வளையங்கள் ஆற்றலை வாங்கி, பிணைப்பு அறுவதற்குள் பெரும்பகுதியை வெப்பமாகவும் ஒளியாகவும் விட்டுவிடுகின்றன. அந்தக் கணத்தில் நடப்பதுதான் நம் பாடம்.

2. வழி புதிதல்ல. நாரிஷும் போர்ட்டரும் 1949-இல் ஒளித்துடிப்பால் தொடங்கியது; 1967-இல் ஐகனோடு சேர்ந்து நோபல் பெற்றார்கள். எலெக்ட்ரான் துடிப்பு முறை 1960 வாக்கில் வந்தது. இன்று லேசருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து அதிவேக நிகழ்வுகள் மையம் இருக்கிறது. எலெக்ட்ரானுக்கு டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் 7 எம்.இ.வி. முடுக்கி இருக்கிறது.

3. காலையில் முதல் வேலை டோஸ் அளப்பது. பொட்டாசியம் தயோசயனேட் கரைசலை வைத்து 475 நானோமீட்டரில் பாருங்கள். நேற்றைய எண்ணை இன்றைக்கு எடுத்தாளக் கூடாது.

4. திரையில் தெரியும் கோடு எல்லாமே மாதிரியிலிருந்து வந்ததல்ல. பகுப்பு விளக்கை மூடிவிட்டு ஒரு துடிப்பு விடுங்கள்: அப்போதும் தெரிவது செரன்கோவ் ஒளியும் மாதிரியின் ஒளிர்வும், அதைக் கழிக்க வேண்டும். வெறும் செல்லையும் சுட்டுப் பாருங்கள், சாதாரணக் கண்ணாடி எலெக்ட்ரான் பட்டுப் பழுப்பேறும். கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 5 நானோ செகண்டு பிடிக்கும். பத்து மீட்டர் கேபிளின் தாமதத்தைக் கணக்கில் விட்டால், 20 நானோ செகண்டு வாழும் ஒன்றின் தொடக்கத்தை எங்கே வைப்பீர்கள்?

5. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். பாலிஸ்டைரீனில் 520 நானோமீட்டர் பக்கம் ஒரு பட்டை வந்ததும் ‘எக்ஸைமர்’ (கிளர்வுற்ற வளையமும் பக்கத்து வளையமும் சேர்ந்த இணை) என்று நோட்டில் எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். எலெக்ட்ரான் கற்றை கிளர்வுற்ற நிலையை மட்டும் உண்டாக்குவதில்லை. நேர் அயனி, எதிர் அயனி, ராடிக்கல் எல்லாம் ஒன்றாகவே பிறக்கின்றன. அந்தப் பட்டையின் தேய்வு 330-இல் தெரியும் ஒளிர்வின் தேய்வோடு ஒத்துப்போகிறதா? 266 லேசரில், அயனியாகாத அளவு மென்மையாகச் சுட்டாலும் அது வருகிறதா? எலெக்ட்ரான் பிடிக்கும் பொருள் சேர்த்தால் என்ன ஆகிறது? இரு வளையங்கள் பங்கிடும் நேர் அயனி 1,000-க்கு மேல், அகச்சிவப்பில் தனியாகத் தெரிய வேண்டும், அங்கேயும் பாருங்கள். ஆக்சிஜன் விட்டதும் பட்டை சீக்கிரம் மறைந்தால் ‘ட்ரிப்ளெட்’ என்று முடிவு கட்டுகிறார்கள்; கார்பன் ராடிக்கலும் ஆக்சிஜனோடு விரைந்து சேரும். இத்தனை சோதனைக்கும் ஒரே விடை வரும் வரை நோட்டில் ‘520 பட்டை’ என்றே இருக்கட்டும். வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் பணிவாக, ஆனால் உறுதியாக இதையே சொல்லுங்கள்.

6. ஃபிலிமில் வேலை என்றால் பொறுமை இரட்டிப்பாக வேண்டும். கரைசலில் அரை மணி நேரம் ஆர்கான் விட்டால் ஆக்சிஜன் பெரும்பாலும் போய்விடும். திடப் பாலிமருக்குள் இருப்பது மெல்லத்தான் வெளியேறும், வெற்றிடத்தில் நெடுநேரம் வையுங்கள். ஒவ்வொரு துடிப்பும் ராடிக்கல்களை விட்டுச்செல்வதால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுடாமல் ஃபிலிமை நகர்த்துங்கள்.

7. கடையில் வாங்கிய பாலிமரில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான், ஒளி நிலைப்படுத்தி எல்லாம் கலந்திருக்கும். பாலிஸ்டைரீனை டொலுயீனில் கரைத்து, மெத்தனாலில் சொட்டுச் சொட்டாக விட்டு வெள்ளையாகத் திரித்தெடுங்கள். பிறகு நன்றாக உலர்த்துங்கள், மிஞ்சிய டொலுயீனும் எக்ஸைமர் தரும்.

8. முடுக்கி அறைக் கதவின் இன்டர்லாக்கை யார் சொன்னாலும் தாண்டிப் போகாதீர்கள். டோசிமீட்டர் பேட்ஜ் சட்டையில் இருக்க வேண்டும், மேசையில் அல்ல.