பி.ஜி.க்களே, இன்டென்ட் எழுதப் பழகுங்கள்

எம்.டி.யோ எம்.எஸ்.ஸோ, மூன்று வருடம் படித்து நான்கு தியரி தாள் எழுதுகிறீர்கள். வார்டை நடத்துவது எப்படி என்று அதில் ஒரு கேள்வி வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பட்டத்தோடு தாலுகா மருத்துவமனைக்குப் போன முதல் வாரமே உங்களிடம் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அரசு மெடிசின் யூனிட்டில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

1. இன்டென்ட் எழுதப் பழகுங்கள். அது சிஸ்டர் வேலை, ஃபார்மசிஸ்ட் வேலை என்று ஒதுங்காதீர்கள். எண்பதுகளில் நான் இரண்டாம் ஆண்டு பி.ஜி. ஒரு ஞாயிறு இரவு, பூச்சிமருந்து குடித்த இளைஞனைக் கொண்டுவந்தார்கள். அட்ரோபின் ஆம்பூலில் 0.6 மில்லிகிராம்தான், மோசமான கேஸ் என்றால் ஒரே இரவில் நூறு ஆம்பூல் உடையும். இரண்டு மணிக்கு டிரேயில் மூன்றுதான் மிச்சம். ஸ்டோர் பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமையே இன்டென்ட் போயிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்து வார்டு சிஸ்டர் கடன் கொடுத்தார். இளைஞன் பிழைத்தான். டோஸ் கணக்கு சரியாக இருந்தது என்று மறுநாள் ரவுண்ட்ஸில் எனக்குப் பாராட்டு வேறு!

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மாவட்டக் கிடங்கு, மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக், அதில் ஒதுக்கிய தொகைக்கு மருந்து எடுப்பது என்று ஓர் ஒழுங்கு பிறந்தது. ஆனால் கிடங்கில் இருக்கும் மருந்து உங்கள் வார்டு அலமாரிக்குத் தானாக நடந்து வராது. வாரம் ஒருமுறை அலமாரியைத் திறந்து பாருங்கள். காலாவதி நெருங்கியதை முன்வரிசைக்கு நகர்த்துங்கள்.

2. மூன்றாம் ஆண்டில் டியூட்டி ரோஸ்டர் போடும் வேலை உங்கள் கைக்கு வரும். தீபாவளி, பொங்கல் இரவுகளை முதலில் நிரப்புங்கள். அதில் ஒன்றில் உங்கள் பெயர் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஜூனியர் தலையில் கட்டும் சீனியரிடம் யாரும் உண்மை பேச மாட்டார்கள். பார்க்காத சோடியத்தை ‘நார்மல் சார்’ என்பார்கள்.

3. டியூட்டி மாற்றும்போது கட்டிலருகே நின்று ஒப்படையுங்கள். வாட்ஸ்அப் போதாது.

4. கேஸ் ஷீட்டில் நேரம் எழுதுங்கள், கையெழுத்துக்குக் கீழே பெயரையும் எழுதுங்கள். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனைக்கு விலக்கு உண்டுதான். அதை நம்பிக் கிறுக்கிப் பழகியவர்கள் பின்னால் தனியார் மருத்துவமனைக்குப் போய் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. கிறுக்கலைச் சீராக்கி எழுத அதற்குள் நேரம் இருக்காது. அப்படித் திருத்துவதே குற்றம்.

5. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் தாள்களை எரிச்சலோடு தள்ளிவிடாதீர்கள். அரசு மருத்துவமனைக்கும் அந்தப் பணம் வருகிறது. ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் இணைக்காததால் கிளெய்ம் திரும்பினால் நஷ்டம் உங்கள் வார்டுக்குத்தான்.

6. சர்ஜரிக்காரர்களுக்கு ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் தந்த பாதுகாப்புப் பட்டியலில் 19 கேள்விகள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு நோயாளி போகும் முன் என மூன்று முறை நின்று, வாய்விட்டுக் கேட்க வேண்டியவை. எல்லாம் முடிந்தபின் மொத்தமாக டிக் அடிக்கும் வழக்கத்தை உங்கள் தலைமுறையாவது நிறுத்தட்டும்.

7. ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஹெட் சிஸ்டரிடம், “நேத்து ராத்திரி எது குறைஞ்சதும்மா?” என்று கேளுங்கள். யூனிட் சீஃபுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். துப்புரவுப் பணியாளரின் பெயர் தெரியாத பி.ஜி.க்கு மஞ்சள் பையில் சிவப்புப் பைக் குப்பை ஏன் கலக்கிறது என்பதும் தெரியாது.

8. மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் வேலை பார்க்க வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. தீசிஸ் எழுதக் கிடைத்த விடுமுறையாகவே பலரும் அதை நினைக்கிறார்கள். போன முதல் நாளே ஸ்டோருக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். சாவி ஃபார்மசிஸ்டிடம் இருக்கும், கேட்டால் கொடுப்பார்.