நம் ஆட்டத்துக்கு ஏற்ற மைதானம்

டில்லியில் நம் சங்க நண்பர்களில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். பலர் என்னைப் போல, வேலை பார்த்த பொதுத்துறை நிறுவனத்தின் குடியிருப்பில் மைதானம் இருந்ததால் நடுவயதில் மட்டை பிடித்தவர்கள். விடுமுறை நெருங்கினால் அவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "சார், கொல்கத்தா போகிறோம். மட்டைப் பையையும் எடுத்துப் போகலாமா? அங்கே எது நல்ல மைதானம்?"

முன்பெல்லாம் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். இப்போது, "உங்கள் பந்து எப்படிப் போகும்?" என்று திருப்பிக் கேட்கிறேன். அந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், கோல்ஃப் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 18 குழிகளையும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அது பெரும்பாலும் 72. நம்மைப் போன்றவர்களுக்கு நூறுக்கு மேல் ஆகும். அந்த வித்தியாசத்தை ஒட்டி நமக்குச் சலுகையாகத் தரப்படும் அடிகள்தான் ஹேண்டிகேப். எண் பெரிதானால் ஆட்டம் சுமார் என்று பொருள். 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை வந்துவிட்டது. அதில் உச்ச வரம்பு 54. எனக்கு 30, என் மனைவிக்கு 34.

பிள்ளைகள் வேலைக்கும் கல்யாணத்துக்கும் என்று போன பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். வெறுமே பூங்காவைச் சுற்றி நடப்பது அவளுக்கு அலுத்துப்போகவே, "என்னோடு மைதானத்துக்கு வாயேன்" என்றேன். வந்தாள், பிடித்துப்போயிற்று. வாரம் மூன்று நாள் விடியற்காலையில் இருவரும் சேர்ந்து நடப்பது எங்கள் பழக்கமாயிற்று.

அந்தச் சமயத்தில் உறவினர் கல்யாணத்துக்காக வெளியூர் போனோம். அந்த ஊரில் பெயர் பெற்ற மைதானம் ஒன்று இருந்தது. படங்களில் பார்த்து மயங்கி, நானே இடம் பிடித்தேன். பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது, மைதானத்தினுடையது அல்ல.

மூன்றாவது குழியில் ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு நேர் முன்னால் குளம். நூறு கஜத்துக்கு மேல் பந்து காற்றிலேயே பறந்தால்தான் கரை சேரும். என் மனைவி அடிக்கும் பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். ஆனால் தாழப் பறந்து, தரையில் விழுந்து, உருண்டு உருண்டுதான் தூரம் சேர்க்கும். தண்ணீரில் எப்படி உருளும்? மூன்று பந்துகள் குளத்துக்குள் போயின. பின்னால் வந்த நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மட்டையைப் பையில் செருகிவிட்டு, "நீங்க ஆடுங்க, நான் கூட நடந்து வரேன்" என்றாள். மிச்சம் 15 குழிகளும் வெறுமே நடந்தாள். ஊர் திரும்பிய பிறகு எட்டு மாதம் மட்டையைத் தொடவில்லை. காலை நடையும் அதோடு நின்றது.

அப்போதுதான் யோசித்தேன். எங்கள் இருவர் எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் குறை வேறு வேறு. என் பந்து ஓரளவு தூரம் போகும், நேராகப் போகாது. வலது பக்கம் வளைந்து ஓடிவிடும். அவள் பந்து நேராகப் போகும், பறக்காது. ஆகவே எனக்கு எதிரி பக்கத்தில் இருக்கும் புதர், அவளுக்கு எதிரி முன்னால் இருக்கும் தண்ணீர். எனக்கு ஏற்ற இடம் அவளுக்கு ஆகாது. மைதானத்தின் புகழைப் பார்க்கும் முன் இதைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும்.

நம் நாட்டு மைதானங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். டில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானம் நகருக்கு நடுவே பழைய கல்லறை மண்டபங்களும் மயில்களுமாக இருக்கும் அழகான இடம். 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை முதன்முதலாக வென்ற இந்தியத் தொழில்முறை வீரரான அலி ஷேர், அங்கே கேடியாக இருந்து ஆட்டம் கற்றவர். பட்டம் வென்றதும் அதே மைதானத்தில்தான். ஆனால் பாதை குறுகல், இரு புறமும் அடர்ந்த முட்புதர். தொழில்முறை வீரர்களே பல குழிகளில் பெரிய மட்டையான டிரைவரைப் பையில் வைத்துவிட்டு, தூரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இரும்பு மட்டையால் அடிப்பார்கள். என்னைப் போல் வளைத்து அடிப்பவர் அங்கே டஜன் பந்துகளோடு போக வேண்டும். என் மனைவியைப் போல் நேராக அடிப்பவருக்கு அத்தனை பயமில்லை.

கொல்கத்தாவுக்குப் போனால் கதை மாறும். 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே மிகப் பழமையானது. தரை தட்டையாக இருப்பதால் நடக்கச் சுகம். ஆனால் குளங்கள் நிறைய. பந்து பறக்காதவர்கள் யோசித்துப் போக வேண்டிய இடம்.

சிம்லாவுக்கு அப்பால் நால்டேராவில், கர்சன் பிரபு காலத்துப் பழைய மைதானம் ஒன்று தேவதாரு மரங்களுக்கு நடுவே, 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மலைக்காற்று மெல்லியது என்பதால் பந்து சற்று அதிக தூரம் போகும். ஆனால் சமதரையில் நின்று அடிக்கும் வாய்ப்பு குறைவு. ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிற்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, கிளம்பும் முன் மைதானத்துக்குப் போன் செய்து நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்.

1. நீளம் எவ்வளவு?

ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கும் இடங்கள் மூன்று நான்கு இருக்கும். இவற்றை 'டீ' என்பார்கள். குடிக்கிற டீ அல்ல. பின்னால் இருக்கும் டீ வல்லவர்களுக்கு, முன்னால் இருப்பது நமக்கு. 2011-ல் அமெரிக்க கோல்ஃப் அமைப்புகள் ஒரு அளவு சொல்லின. டிரைவரால் 200 கஜம் அடிப்பவருக்கு மொத்தம் 5,200 முதல் 5,400 கஜம் நீளம் போதும். 150 கஜம் அடிப்பவருக்கு 3,500 முதல் 3,700 கஜமே போதும். பல இடங்களில் மகளிர் டீயே 5,000 கஜத்துக்கு மேல் இருக்கிறது. போட்டி இல்லாத ஆட்டத்தில், இன்னும் முன்னால் போய்ப் புல்வெளிப் பாதை தொடங்கும் இடத்திலிருந்து அடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இதில் கௌரவம் பார்ப்பது வீண்.

2. ஸ்லோப் எண் என்ன?

மைதானத்தின் மதிப்பெண் அட்டையில் இது இருக்கும். தேர்ந்தவரைக் காட்டிலும் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகச் சிரமம் தரும் என்பதைக் காட்டும் எண் இது. 55 முதல் 155 வரை இருக்கலாம், நடுத்தரம் 113. நம் ஹேண்டிகேப் எண்ணை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்தால், அங்கே நமக்கு எத்தனை அடி சலுகை என்று ஏறக்குறையத் தெரியும். 30 எண் உள்ளவருக்கு ஸ்லோப் 132 என்றால் 35 வரும், 105 என்றால் 28. (மைதானத்தின் மதிப்பீட்டு எண்ணுக்கும் 72-க்கும் உள்ள வித்தியாசத்தையும் இதோடு சேர்ப்பார்கள்.) ஒரே ஆளுக்கு 7 அடி வித்தியாசம்! சலுகைதான் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று எண்ண வேண்டாம். அந்தச் சலுகை தொலைந்த பந்தையும் போன பொழுதையும் திருப்பித் தராது. ஒவ்வொரு டீக்கும் இந்த எண் வேறு, ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு. எனவே நீங்கள் ஆடப்போகும் டீயைச் சொல்லிக் கேளுங்கள்.

3. பந்து தவறினால் எங்கே போகும்?

நான்கில் முக்கியமானது இதுதான். அட்டையில் இருக்காது, வாய் விட்டுத்தான் கேட்க வேண்டும். அலுவலகத்தில் இருப்பவரைவிடக் கேடி மாஸ்டர் தெளிவாகச் சொல்வார். "தண்ணீரைத் தாண்டியே தீர வேண்டிய குழிகள் எத்தனை? முன் டீயிலிருந்து எத்தனை கஜம் பறக்க வேண்டும்? சுற்றிப்போக வழி உண்டா? பாதையின் ஓரம் புல்லா, புதரா?" பந்தைத் தேட விதிப்படி 2019 முதல் 3 நிமிடம்தான் உண்டு. முன்பு 5 நிமிடம் இருந்தது. பக்கத்தில் திறந்த புல்வெளி இருந்தால் வளைந்த பந்தும் கிடைக்கும், ஆட்டமும் நடக்கும். மண் பள்ளங்கள் குழியை ஒட்டிய பச்சைத் திட்டின் முன்னால் இருக்கின்றனவா, பக்கத்திலா என்றும் கேளுங்கள். முன்பக்கம் திறந்திருந்தால் பந்தை உருட்டியே ஏற்றிவிடலாம்.

4. எந்த நேரத்தில் கூட்டம் குறைவு? வெளியாருக்கு அனுமதி உண்டா?

பல கிளப்புகளில் உறுப்பினரோடு போனால்தான் விடுவார்கள். சில இடங்களில் ஹேண்டிகேப் சான்று கேட்பார்கள், இத்தனைக்கு மேல் என்றால் அனுமதியில்லை என்றும் சொல்வார்கள். டில்லிக்கு வருகிற உறவினர்களுக்கு, டில்லி வளர்ச்சி ஆணையம் 2000-ல் திறந்த குதுப் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அது பொது மைதானம், கட்டணம் கட்டி யாரும் ஆடலாம். எங்கே போனாலும் ஞாயிறு காலையைத் தவிர்த்து வாரநாள் பிற்பகலுக்கு இடம் கேளுங்கள். பின்னால் யாரும் கை கட்டி நிற்காவிட்டால் ஆட்டம் பாதி நன்றாகிவிடும்.

இன்னொன்று. ஒரு குழியில் அடிகள் எல்லை மீறிப் போனால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நகருங்கள். ஹேண்டிகேப் கணக்கிலும், ஒரு குழிக்கு உரிய அடிகளோடு இரண்டும் நம் சலுகை அடியும் சேர்த்து, அதற்கு மேல் எண்ணுவதில்லை. எனவே அதில் வெட்கம் எதுவுமில்லை.

சென்ற குளிர்காலத்தில் மகள் வீட்டுக்குப் போனபோது, இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பக்கத்தில் ஒரு சிறிய 9 குழி மைதானத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் பெற்ற இடமல்ல. ஒரே ஒரு குளம், அதுவும் பாதைக்குப் பக்கத்தில். என் மனைவி, "சும்மா பார்க்கத்தான் வரேன்" என்றாள். இரண்டாவது குழியில், "அந்த ஏழாம் நம்பர் மட்டையைக் கொடுங்க" என்றாள். பிறகு திருப்பித் தரவேயில்லை. எத்தனை அடி என்று நாங்கள் எண்ணவில்லை. முடிவில் எனக்கு நாலு பந்து போயிருந்தது. அவள் தொடங்கிய பந்தையே துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

காலை நடை மறுபடி தொடங்கிவிட்டது. வெளியூர்ப் பயணம் என்றால் மைதானத்துக்குப் போன் செய்வது இப்போது அவள் பொறுப்பு. முதல் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். இரண்டாவதாக, "வலது பக்கம் புதர் இருக்கா?" என்று எனக்காகவும் கேட்டுவிடுகிறாள்.