நீரும் வீணாகாமல், நோயும் வராமல்: நீச்சல் குள வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

சிங்கப்பூரின் குடிநீர் நான்கு வழிகளில் கிடைக்கிறது: உள்ளூர் நீர்த்தேக்கங்களில் சேரும் மழைநீர், ஜொகூரிலிருந்து வாங்கும் நீர், நியூவாட்டர், கடல்நீரிலிருந்து உப்பு நீக்கப்பட்ட நீர். நம் நாட்டில் அடிக்கடி மழை பெய்தாலும், பெய்யும் மழையைத் தேக்கி வைக்கப் போதிய நிலம் இல்லை. 1963-64இல் மக்கள் தண்ணீர்ப் பங்கீட்டைச் சந்தித்தார்கள். 2016 அக்டோபரில் ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் கொள்ளளவில் 20 விழுக்காடாகக் குறைந்தது.

எனவே, தரைவீட்டிலோ கூட்டுரிமைக் குடியிருப்பிலோ நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த நினைப்பது நல்லதே. ஆனால் வடிகட்டியைக் கழுவாமல் விட்டுத் தண்ணீரை மிச்சப்படுத்தக் கூடாது. சரியான வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, அதை முறையாகப் பராமரித்தால் நீரையும் சேமிக்கலாம், குடும்பத்தின் உடல்நலத்தையும் காக்கலாம்.

வடிகட்டி ஏன் முக்கியம்?

கிருமிகளைக் கொல்வது குளோரின். குளோரின் வேலை செய்ய வழிவிடுவது வடிகட்டி. வியர்வை, தோல் துகள், சன்ஸ்கிரீன், இலை, தூசு ஆகியவை நீரில் தங்கினால் குளோரின் அவற்றோடு சேர்ந்து செலவாகிவிடும். பிறகு கிருமிகளைக் கொல்லப் போதிய குளோரின் மிஞ்சாது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. நீர் கலங்கியிருந்தால் குளத்தின் அடியில் கிடக்கும் குழந்தை கண்ணுக்குத் தெரியாது. ஆழமான பகுதியின் அடித்தளம் தெளிவாகத் தெரியாவிட்டால், யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள்.

மூன்று வகை வடிகட்டிகள்

1. மணல் வடிகட்டி
ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரான் வரையிலான துகள்களைப் பிடிக்கும். (ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான் உள்ளது.) பராமரிப்பது எளிது. ஆனால் அழுக்கை வெளியேற்ற, நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவ வேண்டும். இதை ‘பேக்வாஷ்’ என்பார்கள். கழுவிய நீர் முழுவதும் கழிவாகப் போய்விடும்.

2. கார்ட்ரிட்ஜ் வடிகட்டி
மடிப்பு மடிப்பான துணி போன்ற உறையைக் கொண்டது. ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்களைப் பிடிக்கும். இதற்கு பேக்வாஷ் தேவையில்லை. உறையை வெளியே எடுத்துக் குழாய் நீரில் கழுவினால் போதும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய உறை வாங்க வேண்டும்.

3. டயட்டம் மண் வடிகட்டி
ஏறத்தாழ 3 முதல் 5 மைக்ரான் வரையிலான மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும். பெரும்பாலும் இதற்கும் பேக்வாஷ் தேவைப்படும்; ஒவ்வொரு முறையும் புதிதாகத் தூள் சேர்க்க வேண்டும். அந்தத் தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குத் தீங்கு. கையாளும்போது தகுந்த சுவாசக் கவசம் அணிய வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழமுள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 60 கன மீட்டர், அதாவது 60,000 லிட்டர் நீர் இருக்கும். முழு நீரும் 6 மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டி வழியாகச் செல்ல வேண்டுமானால், பம்பு மணிக்கு 10,000 லிட்டர் இறைக்க வேண்டும். நிமிடத்துக்கு இது சுமார் 167 லிட்டர்.

• மணல் வடிகட்டி: 3 நிமிடம் பேக்வாஷ், 1 நிமிடம் அலசல். ஒருமுறைக்குச் சுமார் 670 லிட்டர். வாரம் ஒருமுறை என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 35,000 லிட்டர்.
• கார்ட்ரிட்ஜ்: நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் குழாயில் 15 நிமிடம் கழுவினால் 225 லிட்டர். மாதம் ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 2,700 லிட்டர்.

இந்தக் குளத்தில் மட்டும் ஆண்டுக்கு 32,000 லிட்டருக்கும் மேல் மிச்சமாகிறது. குளத்திலுள்ள மொத்த நீரில் இது பாதிக்கும் மேல். ஆகவே, வீட்டுக் குளங்களுக்குக் கார்ட்ரிட்ஜ் வடிகட்டியே பெரும்பாலும் நீரைச் சேமிக்க ஏற்றது. உறையின் பரப்பளவு பெரிதாக இருந்தால் கழுவும் இடைவெளியும் நீளும்.

கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

பேக்வாஷ் செய்யும்போது குளத்தின் பழைய நீர் சிறிது வெளியேறி, புதிய நீர் சேர்கிறது. கார்ட்ரிட்ஜில் இது நடப்பதில்லை. வெயிலில் குளோரின் சிதையாமலிருக்கச் சில குளோரின் மாத்திரைகளில் சயனூரிக் அமிலம் கலந்திருக்கும். குளோரின் செலவானாலும் அந்த அமிலம் நீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அது கூடக் கூட, குளோரின் கிருமிகளைக் கொல்லும் வேகம் குறையும். அளவு மிகுந்துவிட்டால் நீரின் ஒரு பகுதியை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது சேமித்த நீரெல்லாம் வீணாகிவிடும்.

இதைத் தவிர்க்க, திரவக் குளோரினைப் பயன்படுத்துவது பற்றி உங்கள் குளப் பராமரிப்பாளரிடம் கேளுங்கள். அதில் இந்த அமிலம் இல்லை. ஆனால் வெவ்வேறு வகைக் குளோரின்களை ஒன்றோடொன்று கலக்காதீர்கள். தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். குளோரினோடு அமிலத்தையும் கலக்கக் கூடாது. நச்சு வாயு வெளிவரும்.

மணல் வடிகட்டி ஏற்கெனவே இருந்தால்

அதை உடனே மாற்ற வேண்டியதில்லை. நாள் பார்த்துக் கழுவாமல், அழுத்தமானியைப் பார்த்துக் கழுவுங்கள். கழுவியவுடன் முள் காட்டும் அளவைக் குறித்து வையுங்கள். அதைவிட 0.5 முதல் 0.7 பார் கூடினால் பேக்வாஷ் செய்யுங்கள். பார்வைக் கண்ணாடியில் நீர் தெளிந்ததும் நிறுத்துங்கள். அடிக்கடி கழுவினால் நீர் வீணாவதோடு, மணல் நுண்துகளைப் பிடிக்கும் திறனும் குறையும்.

கழுவிய நீரை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். வடிகால்களில் ஓடும் நீர் நம் நீர்த்தேக்கங்களைச் சென்றடைகிறது. அது கழிவுநீர்க் குழாய்க்கே செல்ல வேண்டும்.

வடிகட்டியால் மட்டும் முடியாதவை

கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அதன் அளவு 4 முதல் 6 மைக்ரான்தான். மணலும் கார்ட்ரிட்ஜும் அதை நம்பகமாகத் தடுப்பதில்லை. வழக்கமான அளவு குளோரினிலும் அது ஒரு வாரத்துக்கும் மேல் உயிருடன் இருக்கும். எனவே, நீங்கள் செய்ய வேண்டியவை:

• வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் நீந்தக் கூடாது. இந்த ஒட்டுண்ணியால் நோயுற்றவர்கள், குணமான பிறகும் 2 வாரம் நீந்தாமலிருக்க வேண்டும்.
• நீரில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். நீர் அழுக்காவது குறையும். வடிகட்டியைக் கழுவும் தேவையும் குறையும்.
• குழந்தைகளை மணிக்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
• குளத்து நீரை விழுங்காதீர்கள்.
• குளோரின் அளவு 1 முதல் 3 பிபிஎம், பிஎச் அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்கிறதா என்று சோதியுங்கள். சயனூரிக் அமிலம் கலந்த குளத்தில் குளோரின் 2 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது.

ஆவியாகும் நீரையும் மறவாதீர்கள்

மேற்சொன்ன குளத்தில் நாளுக்கு 4 மில்லிமீட்டர் நீர் ஆவியானால், அது 160 லிட்டர். வாரத்துக்கு 1,120 லிட்டர். ஒரு பேக்வாஷில் போகும் நீரைவிட இது அதிகம். பயன்படுத்தாத நேரத்தில் குளத்தை மூடி வைத்தால் இந்த இழப்பு பெரிதும் குறையும். ஆனால் நீந்துமுன் மூடியை முழுவதுமாக அகற்றுங்கள். பாதி திறந்த மூடிக்கு அடியில் குழந்தை சிக்கிக்கொள்ளக்கூடும்.

நீர்மட்டம் வழக்கத்தைவிட வேகமாகக் குறைகிறதா? ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிப் படியில் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைக் குறியிடுங்கள். பம்பை நிறுத்தி, மழையில்லாத 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வாளியைவிடக் குளத்தில் அதிகம் குறைந்திருந்தால் கசிவு இருக்கலாம்.

வாங்குமுன் கேளுங்கள்

1. என் குளத்தின் கொள்ளளவுக்கும் பம்பின் வேகத்துக்கும் இந்த வடிகட்டி போதுமா?
2. ஒருமுறை கழுவ எத்தனை லிட்டர் நீர் செலவாகும்?
3. மாற்று உறை எளிதில் கிடைக்குமா? விலை என்ன?
4. கழுவும் நீர் எங்கே செல்லும்?

நீரைச் சேமிப்போம். ஆனால் தெளிவில்லாத குளத்தில் ஒருவரும் இறங்க வேண்டாம்.